பாதாளத்தில் இறங்கினார்

ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிடுகிறோம். ஆண்டவர் அடக்கம் பண்ணப்பட்டதற்கும் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததற்கும் நடுவே, பாதாளத்தில் இறங்கினார் என்ற கூற்றை மூச்சுவிடாமல் தாண்டிப் போய்விடுகிறோம். நரகத்தைப் பற்றிய பிரசங்கங்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அக்கினிக் கடல் கொந்தளிக்காத கன்வென்ஷன் இரவு அபூர்வம். மரித்தோரின் அந்த ஆழத்துக்கு ஆண்டவரே இறங்கினார் என்பதை யாராவது விளக்கிச் சொல்லக் கேட்டவர்கள்தாம் குறைவு. நரகத்தையும் இரட்சிப்பையும் இந்தக் கூற்றிலிருந்தே படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

பழைய ஏற்பாட்டில் பாதாளம் என்பது பெரும்பாலும் தண்டனைக்களம் அல்ல. நீதிமான், துன்மார்க்கன் என்ற பேதமின்றி இறந்தவர் எல்லாரும் சேரும் இருளிடம். மகனை இழந்ததாக நம்பிய யாக்கோபும் துக்கத்தோடே அங்கு இறங்குவேன் என்றுதான் புலம்புகிறான். நியாயத்தீர்ப்பின் நெருப்பைச் சொல்ல இயேசு எடுத்தாண்ட பெயர் வேறு. அது எருசலேமின் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கு. ஆகாசும் மனாசேயும் தங்கள் பிள்ளைகளைத் தீக்கு இரையாக்கிய இடம். பிறகு யோசியா ராஜா அதைத் தீட்டுப்படுத்தினான். (நகரத்துக் குப்பை அங்கே ஓயாமல் எரிந்தது என்ற பிரபலமான விளக்கம் 1200ஆம் ஆண்டையொட்டி எழுதிய தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியரிடம் காணப்படுவது. அதற்கு வலுவான பழைய சான்று இல்லை.) ஆக, நரகத்துக்குப் பெயர் தந்த நெருப்பை மூட்டியவர்கள் மனிதர்களே.

பாதாளத்தில் இறங்கினார் என்ற கூற்று எல்லாப் பிரமாணங்களிலும் இருந்ததில்லை. நிசேயா பிரமாணத்தில் இன்றும் இல்லை. 400ஆம் ஆண்டளவில் விளக்கவுரை எழுதிய ரூஃபினுஸ், தம் அக்குலேயா சபை இதை அறிக்கையிடுவதாகவும் ரோமாபுரிச் சபையில் இது இல்லை என்றும் குறித்திருக்கிறார். பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்ததாக வருவதே பலருக்கும் ஆதார வசனம். அகுஸ்தீனுக்கோ அந்த வசனம் பெரும் சிக்கலாகவே இருந்தது.

கீழைத் திருச்சபைகள் இந்த இறக்கத்தை வாதமாக்காமல் ஓவியமாக்கின. இஸ்தான்புல்லின் கோரா ஆலயத்தை ஒட்டிய சிற்றாலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியம் ஒன்று உண்டு. வெண்ணாடையில் கிறிஸ்து கால்களை அகல ஊன்றி நிற்கிறார். ஒரு கையில் ஆதாம், மறு கையில் ஏவாள். இருவரையும் கல்லறைகளிலிருந்து இழுத்தெடுக்கிறார். கையோடு கை கோக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். எழுந்து வரும் வலு அவர்களுக்கு இல்லை என்பதை ஓவியன் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. பாதத்தின் கீழே பெயர்ந்த கதவுகள், சிதறிய பூட்டுகள், சாவிகள், கட்டுண்டு கிடக்கும் சாத்தான். அது அடக்கத்துக்கென்றே கட்டிய சிற்றாலயம். இறந்தவர்களைக் கிடத்திய இடத்தில் இந்தக் காட்சி!

மேற்கே இத்தனை துணிவில்லை. கிறிஸ்து முற்பிதாக்கள் காத்திருந்த இடத்துக்கே நேரில் சென்றார், ஆக்கினைக்குள்ளானவர்களின் நரகத்துக்கு அல்ல என்று அக்குவினாஸ் எல்லை வகுத்தார். சிலுவையில் ஆத்துமா பட்ட வேதனையே அந்த இறக்கம் என்றார் கால்வின். ஆனால் கவிஞர் தாந்தேயைப் பாருங்கள். கறாரான நரகத்தைக் கட்டிய அவரே அதன் ஆறாம் பள்ளத்துப் பாலத்தை இடிந்ததாகக் காட்டுகிறார். அவருடைய காவியப் பயணத்துக்கு 1266 ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து மரித்தபோது அதிர்ந்த பூமி அங்கும் விரிசல் விட்டதாம்.

அப்படியானால் கடைசியில் எல்லாரும் தப்புவார்களா? அலெக்சாந்திரியாவின் ஓரிகன் அதற்கு இடம் வைத்தார். 553இல் கூடிய கான்ஸ்தந்திநோபிள் சங்கம் அவரைக் கள்ளப்போதகர் வரிசையில் சேர்த்தது. ஏறக்குறைய அதே நம்பிக்கையை எழுதிய நிஸ்ஸாவின் கிரகோரியோ பரிசுத்தவான் பட்டியலிலேயே இருக்கிறார். தண்டனைக்கு முடிவுண்டென்றால் நித்திய ஜீவனுக்கும் முடிவு சொல்ல நேரும் என்ற அகுஸ்தீனின் தர்க்கம் எளிதில் தள்ளத்தக்கதல்ல.

எனக்கோ லூக்கா 16இல் வரும் ஐசுவரியவான்தான் இதற்கு விடை தருகிறான். வேதனையில் கிடந்தும் அவன் லாசருவை நேராக விளித்து ஒரு சொல் பேசவில்லை. தண்ணீர் கொண்டுவரவும் வீட்டுக்குத் தூது போகவும் அவனை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கேட்கிறான். வாசலில் கிடந்தவன் இன்னமும் அவன் கண்ணுக்கு ஏவலாள். இறங்கி வந்தவரின் கையை உதறுகிற மனத்துக்கு நரகம் என்று பெயர் வைத்தால், நியாயத்தீர்ப்பும் கிருபையும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. தேவன் மறந்துபோன இடம் என்று அதை வருணிப்பதுதான் பிரமாணத்துக்கு விரோதம்.

பெரிய வெள்ளிக்கு நம் சபைகள் மூன்று மணி நேர ஆராதனை நடத்துகின்றன. ஈஸ்டருக்கு விடியுமுன்னே கூடுகின்றன. நடுவிலுள்ள சனிக்கிழமை, பல இடங்களில் ஆலயத்தைக் கழுவி அலங்கரிப்பதிலேயே முடிந்துவிடுகிறது. போதகர்கள் அந்த மாலையில் அரை மணி ஒதுக்கி, நாம் வாரந்தோறும் அறிக்கையிடும் இந்த ஒரு கூற்றைச் சபைக்கு விளக்கட்டும்.