‘நாளைக்கு வரமாட்டேன்’: ஒரு கடிதத்தின் கதை

2020 மே மாசக் கடைசியில எங்க சித்திக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்துச்சு. சித்தி சென்னையில ஒரு உதவி பெறும் பள்ளியில பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவங்க. ஜூன் 15-ல பொதுத்தேர்வு ஆரம்பம், அதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துடுங்க. அவ்வளவுதான் மெசேஜ். சித்திக்குச் சர்க்கரை உண்டு. வீட்டுல எழுபத்தெட்டு வயசுல மாமியார். போனைக் கையில வச்சுக்கிட்டே என்கிட்ட கேட்டாங்க: “டேய், வரமாட்டேன்னு சொன்னா என்னடா ஆகும்?”

எனக்குத் தெரியல. ஜூன் 9-ம் தேதி தமிழக அரசு அந்தத் தேர்வையே ரத்து பண்ணிடுச்சு. அதனால சித்திக்குப் பதில் தேவைப்படல. ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. ஏழு மாசம் கழிச்சு, 2021 ஜனவரியில, இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான பள்ளி ஊழியர்கள் “வரமாட்டேன்”னு கடிதமே எழுதி ஹெட்மாஸ்டர்கிட்ட கொடுத்தாங்கன்னு படிச்சேன். வேலைநிறுத்தம் இல்ல, லீவ் லெட்டரும் இல்ல. “என் உயிருக்கு ஆபத்துன்னு நான் நியாயமா நம்புறேன், அதனால உள்ள வரமாட்டேன், சட்டம் எனக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கு” என்கிற மாதிரி ஒரு கடிதம்.

அது என்ன சட்டம், எங்கிருந்து வந்துச்சுன்னு தேடப் போனா, பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்துல போய் நின்னேன். நடுக்கடல்ல எரிஞ்ச ஓர் எண்ணெய்க் கிணறு மேடை.

பைப்பர் ஆல்ஃபா. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர் தூரத்தில், வட கடலில் நின்றிருந்த மேடை. 1988 ஜூலை 6, ராத்திரி பத்து மணி. பகல் ஷிஃப்ட்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் ராத்திரி ஷிஃப்ட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். எரிவாயு கசிந்தது, வெடித்தது.

அப்போது மேடையில் இருந்தவர்கள் 226 பேர். ஆபத்து என்றால் தங்கும் பகுதியில் கூடி நில்லுங்கள், ஹெலிகாப்டர் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்றுதான் அவர்களுக்குப் பயிற்சி. நிறைய பேர் அப்படியே சாப்பாட்டுக் கூடத்தில் போய்க் கூடினார்கள். கட்டுப்பாட்டு அறை முதல் வெடிப்பிலேயே போய்விட்டது. புகையில் ஹெலிகாப்டர் இறங்க வழியே இல்லை. வெளியேறச் சொல்லி உத்தரவும் வரவில்லை. காத்திருந்தார்கள். புகை உள்ளே வந்தது.

சிலர் மட்டும், இனி யாரும் சொல்லப்போவதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்தார்கள். கயிறு பிடித்து இறங்கினார்கள். கடலில் குதித்தார்கள். ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தின் உயரத்திலிருந்து குதித்துப் பிழைத்தவர்களும் உண்டு. மேடையில் இருந்தவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் 61 பேர். மீட்கப் போன படகில் இறந்த 2 பேரையும் சேர்த்தால், இறந்தவர்கள் 167.

இதைப் படிச்சப்போ எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்குச்சு. சொன்ன இடத்துல நின்னவங்க செத்தாங்க; சொல்லாததைச் செஞ்சவங்க பிழைச்சாங்க. இதை எல்லா விபத்துக்கும் பாடமா எடுத்துக்க முடியாது, அது வேற விஷயம். ஆனா அந்த ராத்திரி அப்படித்தான் இருந்துச்சு.

இன்னொரு விவரம் இருக்கு. வட கடல் தொழிலாளிகள் மத்தியில மூணு எழுத்துக்குப் பெரிய பயம்: என்.ஆர்.பி. ‘நாட் ரிக்வயர்ட் பேக்’. அதாவது, இந்த ஆள் திரும்ப வேணாம். பெரும்பாலானவங்க ஒப்பந்தத் தொழிலாளிகள். பாதுகாப்பு சரியில்லன்னு ஒருத்தர் வாயைத் திறந்தா, அடுத்த முறை ஹெலிகாப்டர்ல அவருக்கு சீட் இருக்காது. காரணம்னு எதுவும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர் கான்ட்ராக்ட் வேலைகள்ல ‘நாளையில இருந்து வேணாம்பா’ன்னு சொல்றாங்களே, அதேதான்.

விபத்தை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990-ல் வந்தது, 106 பரிந்துரைகளோடு. 1992-ல், கடல் மேடைகளில் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருக்கும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்று பிரிட்டன் தனிச்சட்டம் போட்டது. இதற்கிடையில் 1989-ல் ஐரோப்பிய சமூகம் ஒரு நெறிமுறையைக் கொண்டுவந்திருந்தது. கடுமையான, உடனடியான ஆபத்து வந்தால் தொழிலாளி வேலையிடத்தை விட்டு வெளியேறலாம், அதற்காக அவருக்கு எந்தப் பாதகமும் வரக் கூடாது என்றது அது. இந்த இரண்டு ஓடையும் 1993-ல் பிரிட்டிஷ் சட்டத்தில் சேர்ந்தன. கடல் மேடைக்கு மட்டுமில்லை, எல்லா வேலையிடங்களுக்கும். 1996-ல் வேலை உரிமைகள் சட்டத்தில் அது 44-ம் பிரிவாக உட்கார்ந்தது.

அந்தப் பிரிவின் உயிர் ‘நியாயமாக நம்பினால்’ என்கிற சொற்களில் இருக்கிறது. ஆபத்து உண்மையிலேயே இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில், உங்களுக்குத் தெரிந்ததை வைத்து, ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினீர்களா? அதுதான் கேள்வி. பைப்பர் ஆல்ஃபாவின் சாப்பாட்டுக் கூடத்தில் நின்ற ஆளுக்கும் அவ்வளவுதானே தெரிந்திருக்கும்?

அப்புறம் கால் நூற்றாண்டு அந்தப் பிரிவைத் தொழிலாளர் வழக்கறிஞர்களைத் தவிர யாரும் பெரிசா கண்டுக்கல. டீச்சருக்கு உடனடி ஆபத்துன்னா என்ன, சாக்பீஸ் தூளா?

கொரோனா வந்தது. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமையோடு இங்கிலாந்துப் பள்ளிகள் மூடின. முழுசா இல்லை, மருத்துவமனை ஊழியர்கள் மாதிரி அத்தியாவசிய வேலையில் இருப்பவர்களின் பிள்ளைகளும், வீட்டில் பாதுகாப்பு இல்லாத பிள்ளைகளும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதாவது எல்லா டீச்சரும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பொய். செப்டம்பரில் எல்லாருக்கும் திறந்தார்கள்.

அந்தக் குளிர்காலம் எப்படி இருந்துச்சுன்னா, ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, கோட்டு போட்டுக்கிட்டே பாடம். வகுப்பறைக்குள்ள மாஸ்க் போடச் சொல்லி அரசு பரிந்துரைச்சதே அடுத்த மார்ச்லதான். ‘பபிள்’னு ஒரு ஏற்பாடு: ஒரு கூட்டத்துப் பிள்ளைகள் இன்னொரு கூட்டத்தோட கலக்கக் கூடாது. ஆனா துப்புரவுப் பணியாளருக்கு ஏது பபிள்? அவங்க எல்லா அறைக்கும் போகணும். சின்ன வகுப்புல உதவியாளரா இருக்கிறவங்க அஞ்சு வயசுப் பிள்ளையோட மூக்கைத் துடைச்சு விடணும். அதை ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு எப்படிச் செய்யறது?

டிசம்பரில் புது வகை வைரஸ், பிறகு ‘ஆல்ஃபா’ என்று பெயர் வைத்தது, லண்டனிலும் தென்கிழக்கிலும் வேகமாகப் பரவியது. லண்டனில் கிரீனிச் பகுதி நிர்வாகம் தன் பள்ளிகளைச் சில நாள் முன்னதாக மூடச் சொன்னது. மத்திய அரசு, திறந்து வை, இல்லையென்றால் நீதிமன்றம் என்று மிரட்டியது. டிசம்பர் 15-ல் கிரீனிச் பின்வாங்கியது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 22-ல், அரசுக்கே ஆலோசனை சொல்லும் சேஜ் என்ற விஞ்ஞானிகள் குழு கூடியது. பள்ளிகளைத் திறந்து வைத்த நவம்பர் மாத அளவிலான கட்டுப்பாடுகள் இந்தப் புது வகையை அடக்கப் போதாது என்பதுதான் அந்தக் கூட்டத்தின் கணிப்பு.

அப்போ ஜனவரி 4, திங்கட்கிழமை, பள்ளி திறக்கணும். தேசியக் கல்விச் சங்கம், என்.இ.யு., என்ன செய்ய முடியும்? வேலைநிறுத்தம் முடியாது. பிரிட்டனில் அப்போ அதுக்குத் தபால் வாக்கெடுப்பு நடத்தணும், பாதிப்பேராவது வாக்களிக்கணும், அப்புறம் முன்னறிவிப்பு கொடுக்கணும்னு இருந்துச்சு. வாரக்கணக்காகும். கையில இருந்தது ரெண்டு நாள்.

ஜனவரி 2-ம் தேதி சங்கம் தொடக்கப்பள்ளி உறுப்பினர்களிடம் சொன்னது: 44-ம் பிரிவு இருக்கிறது. மாதிரிக் கடிதமும் கொடுத்தது. வீட்டிலிருந்து பாடம் எடுக்கிறேன், அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்காகவும் பாதுகாப்பற்ற பிள்ளைகளுக்காகவும் பள்ளிக்கு வருகிறேன், ஆனால் முழு வகுப்பில் நிற்க மாட்டேன் என்பது அதன் சாரம். மறுநாள் ஞாயிறு இணையக் கூட்டத்தை, சங்கத்தின் கணக்குப்படி, 4 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே ஞாயிறு காலை பிரதமர் போரிஸ் ஜான்சன் பிபிசி-யில் பள்ளிகள் பாதுகாப்பானவை, பிள்ளைகளை அனுப்புங்கள் என்றார்.

இதுல என்னைப் பிடிச்சு நிறுத்தினது, ஒவ்வொருத்தரும் தனித்தனியா கையெழுத்துப் போடணும்கிறதுதான். சங்கம் உங்களுக்காகப் போட முடியாது. வேலைநிறுத்தத்துல கூட்டத்தோட கூட்டமா நிக்கலாம். இங்க உங்க பேரு, உங்க நம்பிக்கை, உங்க ஹெட்மாஸ்டர். அந்த ஹெட்மாஸ்டரும் வில்லன் இல்ல; அவரே பயந்து போயிருப்பாரு, மேலிருந்து வர்ற உத்தரவு ராத்திரிக்கு ராத்திரி மாறிக்கிட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை ராத்திரி எத்தனை பேர் அந்த மெயிலை டைப் பண்ணி வச்சுட்டு, அனுப்பறதா வேணாமான்னு உட்கார்ந்திருப்பாங்க!

திங்கட்கிழமை காலை பல பள்ளிகள் திறந்தன. சில இடங்களில் ஆள் போதாமல் திறக்க முடியவில்லை. அன்று இரவு எட்டு மணிக்கு அதே ஜான்சன் டிவி-யில் வந்தார். பள்ளிகள் மூடப்படுகின்றன, அவை வீட்டுக்கு வீடு தொற்றைக் கடத்தக்கூடும் என்றார். முந்தின நாள் ‘பாதுகாப்பு’, மறுநாள் ‘கடத்தும் இடம்’. நடுவில் ஒரே ஒரு நாள் பள்ளி.

கடிதங்கள்தான் அரசைப் பணிய வச்சுதுன்னு சொன்னா கேட்க நல்லாயிருக்கும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதே நாள் நாட்டின் கோவிட் எச்சரிக்கை அளவு உச்சமான 5-க்குப் போயிருந்தது, மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. கடிதம் இல்லாட்டியும் மூடியிருப்பாங்கன்னுதான் தோணுது. ஆனா மூடறதுக்கு முன்னாடி “வரமாட்டேன்”னு சொன்னவங்க, சட்டத்துக்கு வெளியில போய்ச் சொல்லல. அது முக்கியம்.

சரி, அவங்க பயந்த அளவுக்கு ஆபத்து இருந்துச்சா? ஜனவரி மாதக் கடைசியில் பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் கணக்கு வெளியிட்டது. இங்கிலாந்து, வேல்ஸில் 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை, 20 முதல் 64 வயதுக்குள், கல்விப் பணியாளர்களில் கோவிட்டால் இறந்தவர்கள் 139 பேர். ஆண்களில் லட்சத்துக்கு 18.4. அதே வயதுள்ள எல்லா ஆண்களையும் எடுத்தால் 31.4. பெண்களில் 9.8; பொதுவில் 16.8. ஆக, மொத்தமா பார்த்தா டீச்சர்கள் சராசரியைவிடக் குறைவாகத்தான் இறந்திருக்காங்க. பத்திரிகைகள் இதைப் பிடிச்சுக்கிட்டு, வீண் பயம்னு எழுதுச்சு.

நான் ரெண்டு விஷயம் சொல்வேன். ஒண்ணு, அந்த மாதங்கள்ல பாதிக்காலம் பள்ளிகளே முழுசா ஓடல. ரெண்டு, இந்த எண்கள் வந்தது கடிதம் போட்ட பிறகு. ஜனவரி 2-ம் தேதி அவங்க கையில இருந்தது சேஜ் குழுவோட எச்சரிக்கையும் திறந்த ஜன்னலும்தான். இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பள்ளிகள் திரும்ப முழுசா திறந்தது மார்ச் 8-ல. ரெண்டு மாசம். லேப்டாப் இல்லாத வீட்டுல, மூணு பிள்ளைக்கு ஒரு போன் இருக்கிற வீட்டுல, அந்த ரெண்டு மாசம் என்னவா இருந்திருக்கும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. டீச்சர் மேல நியாயம் இருந்துச்சு. அந்தப் பிள்ளை மேலயும் இருந்துச்சு. இதை என்னால ஒரு தராசுல வைக்க முடியல.

சட்டத்துக்கும் ஓட்டை இருந்தது. 44-ம் பிரிவு ‘எம்ப்ளாயி’களுக்கு மட்டும். ஏஜென்சி வழியா வரும் மாற்று ஆசிரியர் மாதிரி பலர் பிரிட்டிஷ் சட்டத்தில் வெறும் ‘வொர்க்கர்’. கிக் தொழிலாளர்களின் சங்கமான ஐ.டபிள்யூ.ஜி.பி. வழக்குப் போட்டு 2020 நவம்பரில் ஜெயித்தது. 2021 மே 31 முதல் அவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வந்தது. வட கடல் கான்ட்ராக்ட் தொழிலாளியில ஆரம்பிச்சது சுத்திச் சுத்திக் கடைசியா அவருக்கே வந்து சேர்ந்த மாதிரி.

எல்லாரும் ஜெயிக்கவும் இல்லை. 2020 மார்ச்சில் வேலைக்கு வர மறுத்து வேலையிழந்த லீட்ஸ் தொழிலாளி ஒருவர், இதற்குச் சகோதரப் பிரிவான 100-ன் கீழ் வழக்குப் போட்டார். 2022 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். அவர் வேலை செய்தது பெரிய கூடம், ஆட்கள் கொஞ்சம், இடைவெளி இருந்தது. அவர் நம்பிக்கை நியாயமானதாக நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு.

இந்தியாவில்? 1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில், உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் எச்சரிக்கலாம் என்றது அது. எச்சரிக்கிற உரிமைதான், வெளியே போகிற உரிமை என்று அதில் எழுதவில்லை. பள்ளிக்கூடம் அந்தப் பட்டியலிலேயே வரவில்லை.

இந்தக் கதை முழுசையும் போன வாரம் சித்திகிட்ட சொன்னேன். பைப்பர் ஆல்ஃபா, ஜான்சன், 139, எல்லாம். பொறுமையா கேட்டாங்க. கடைசியில, “சரிடா, அந்த லெட்டரை ஹெட்மாஸ்டருக்குன்னு போடணுமா, கரஸ்பாண்டென்ட்டுக்குன்னு போடணுமா?”ன்னு கேட்டாங்க.