மன்றத்துக்கு வெளியே

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது உலு திராம். ஒரு காலத்தில் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள். இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும். இங்குள்ளவர்கள் வாக்களிப்பது தெப்ராவ் நாடாளுமன்றத் தொகுதியில். 2021 ஜனவரியில் நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் கூடாமல் கிடந்தது. கூடுதல் செலவுக்கு மன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று அவசரகாலச் சட்டமே வழி செய்து கொடுத்தது. அந்த இடைவெளியில், பிப்ரவரி கடைசியில், 2018 இல் தெப்ராவ் மக்கள் பிகேஆர் சின்னத்தில் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஸ்டீவன் சோங் கட்சியை விட்டு விலகி அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தார். கேள்வி கேட்க மன்றமும் திறக்கவில்லை, கேட்க அனுப்பிய ஆளும் எதிர்வரிசையில் இல்லை.

மாநில மன்றத்தில் கதை மறுபக்கம் திரும்பியது. திராம் சட்டமன்றத் தொகுதியில் 2018 இல் வென்ற எஸ். கோபாலகிருஷ்ணனும் பிகேஆர்காரர்தான். 2020 இல் ஜொகூர் ஆட்சி கைமாறியபோது, ஆளுங்கட்சி உறுப்பினராக உள்ளே போனவர் எதிர்க்கட்சிக்காரர் ஆகிவிட்டார்.

எதிர்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் என்ன நடந்துவிடும்? கை தூக்கினால் எண்ணிக்கை அரசாங்கத்திடம். மசோதா எப்படியும் நிறைவேறும். இதற்குப் பதில் தேட உலு திராமிலிருந்து ஈப்போவுக்கு, 1957 க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மலாயா விடுதலை பெற்றது. 1955 தேர்தலில் 52 இடங்களில் 51 ஐ ஆளுங்கட்சியான கூட்டணி வாரியிருந்தது. எதிர்க்கட்சி என்று சொல்ல பாஸ் கட்சியின் ஒரே ஓர் உறுப்பினர். ஈப்போ உறுப்பினர் லியோங் இயூ கோ மலாக்காவின் ஆளுநர் ஆனதால் நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. அதில் கூட்டணியைத் தோற்கடித்தவர் டி. ஆர். சீனிவாசகம். இலங்கைத் தமிழ் வம்சாவளி, ஈப்போவில் பெயர் வாங்கிய வழக்குரைஞர். அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் வழக்குரைஞர். இருவரும் முன்னின்று நடத்தியதுதான் மக்கள் முற்போக்குக் கட்சி.

இந்தச் சகோதரர்களுக்கு வாக்குப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் வியப்பாகவே இருக்கும். தோட்டத்துத் தமிழர்கள் அல்லர். பெரும்பாலும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைச் சுற்றி வாழ்ந்த சீனர்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கால அவசரநிலையில் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமத்துக்காரர்கள். அவர்களுக்காக வழக்காடியவர்கள், சீன மொழிக்கும் பள்ளிக்கும் பேசியவர்கள் என்பதால் வந்த வாக்கு அது. தோட்டப்புறத் தமிழர் வாக்கோ பெரும்பாலும் கூட்டணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா. வழியாகக் கூட்டணிக்குப் போனது. ஈப்போவுக்கு வடக்கே, கைக்கெட்டும் தூரத்தில், சுங்கை சிப்புட் தொகுதியின் உறுப்பினர் துன் சம்பந்தன். அவர் அமைச்சர் நாற்காலியில். சீனிவாசகம் சகோதரர்கள் அவருக்கு எதிரே. பேரா மாநிலத்தின் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், மன்றத்தில் இரண்டு பக்கத்திலும்.

1959 பொதுத்தேர்தலில் மக்களவையின் 104 இடங்களில் கூட்டணிக்கு 74, முற்போக்குக் கட்சிக்கு 4. நாலு பேரை வைத்துக்கொண்டு எந்த மசோதாவையும் நிறுத்த முடியாது. 1960 இல் அரசியலமைப்பைத் திருத்தும் மசோதா வந்தது; அதே ஆண்டில் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. டி. ஆர். எதிர்த்துப் பேசினார். இரண்டும் நிறைவேறின. 1961 இல் கல்விச் சட்டம். அதன் 21(2) பிரிவு, தேசிய மாதிரி தொடக்கப்பள்ளி எதையும் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சர் கையில் கொடுத்தது. சீனப்பள்ளிக்கு மட்டுமல்ல, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் தலைக்கு மேல் தொங்கிய கத்தி அது. 1996 கல்விச் சட்டம் வரும்வரை தொங்கியது. அதற்கு அடிப்படை போட்ட 1960 அறிக்கை கல்வி அமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப்பின் பெயரால் அறியப்பட்டது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

மசோதாவில் தோற்பவருக்குப் பணத்தில் ஒரு பிடி உண்டு. அரசியலமைப்பின்படி, மன்றம் ஒதுக்கீட்டு மசோதாவை நிறைவேற்றாமல் அரசாங்கம் கருவூலத்தைத் தொட முடியாது. முன்கூட்டிக் கணிக்காத அவசரச் செலவுக்குத் தனி நிதி உண்டு. அதிலிருந்து எடுத்தாலும் பிறகு துணை ஒதுக்கீட்டு மசோதாவோடு மன்றத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஒவ்வோர் அமைச்சின் செலவும் குழு நிலையில் தலைப்பு வாரியாக வரும்போது எந்த உறுப்பினரும் எழுந்து ஏன், எதற்கு என்று கேட்கலாம். அமைச்சரின் சம்பளத்தில் 10 வெள்ளி குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரும் வழக்கம் இன்றுவரை இருக்கிறது. 10 வெள்ளியால் அமைச்சருக்கு ஒன்றும் ஆகாது. அந்த 10 வெள்ளியைச் சாக்கிட்டு அவருடைய அமைச்சின் நடப்பு முழுவதையும் மேசைக்கு இழுக்கலாம், அதற்காகத்தான் அது. இந்திய நாடாளுமன்றத்திலும் இதே வேலைக்கு 100 ரூபாய் வெட்டுத் தீர்மானம் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் வழி வந்த மன்றங்களுக்கெல்லாம் இந்தச் சின்னத் தொகை விளையாட்டுப் பொது.

உலு திராம் போன்ற தோட்டப்புறங்களுக்கு அந்த நாளில் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: தோட்டத் துண்டாடல். வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களை வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தொழிலாளிக்கு வேலை போனது, அதோடு லயத்து வீடும் போனது. அரசாங்கம் பேராசிரியர் உங்கு அஸிஸை ஆய்வு செய்யச் சொன்னது. சம்பந்தனோ அமைச்சராக இருந்துகொண்டே 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதில் முதலாவது. உள்ளே இருந்து செய்தது அது. நல்ல காரியம்தான். துண்டாடலைச் சட்டத்தால் ஏன் நிறுத்தவில்லை என்று அமைச்சரவையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பது வேறு வேலை. அமைச்சரவையில் இருப்பவர் அதைச் செய்ய முடியாது. நம் சமூகத்தில் முதல் வேலையைச் செய்தவருக்குக் கிடைத்த மாலையில் பாதிகூட இரண்டாவது வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1964 தேர்தலில் முற்போக்குக் கட்சி இன்னும் சுருங்கியது. ஈப்போவில் டி. ஆர்., மெங்லெம்புவில் எஸ். பி.; அண்ணனும் தம்பியும் மட்டும். கூட்டணிக்கோ மலாயாவில் மட்டும் 89 இடங்கள். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த நேரம், அரசாங்கத்தைக் குறை சொல்வதே நாட்டுக்கு எதிரானது என்று சொல்லிவிட எளிதான நேரம். அந்தச் சமயத்தில்தான் டி. ஆர். மன்றத்தில் எழுந்து ரகுமான் தாலிப் மீது ஊழல் குற்றச்சாட்டை வைத்தார்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 63 ஆவது பிரிவுப்படி, மன்றத்துக்குள் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. அந்தக் கூரைக்குக் கீழே நின்று எதையும் சொல்லலாம். கூரைக்கு வெளியே அதே சொல் அவதூறு வழக்காகும். உண்மை என்று நிரூபிக்கும் பாரம் சொன்னவர் தலையில் விழும். தோற்றால் நஷ்டஈடு, வழக்குச் செலவு, அரசியல் வாழ்வு மூன்றும் போகும். துணிவிருந்தால் வெளியே வந்து சொல்லட்டும் என்று சவால் விடப்பட்டது. இப்படிச் சவால் விடுவது எல்லா நாட்டு ஆளுங்கட்சிகளுக்கும் பழகிய உத்தி. பெரும்பாலும் பலிக்கும்.

டி. ஆர். வெளியே வந்தார். கோலாலம்பூரில் பொதுமேடையில் ஏறி அதையே திரும்பச் சொன்னார். குற்றவியல் வழக்குகளில் சாட்சிக் கூண்டைக் குறுக்கு விசாரணையால் உலுக்கிப் பழகியவர். ஆதாரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடாமல் ஏறியிருக்க மாட்டார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் அமைச்சர் தோற்றார். கூட்டரசு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது. 1966 இல் அதுவும் தள்ளுபடியானது. இந்த வழக்கினால் ரகுமான் தாலிப் பதவி விலக நேர்ந்தது.

கல்விச் சட்டத்தை 4 பேரால் அசைக்க முடியவில்லை. 2 பேர் மட்டும் மிஞ்சியிருந்த கட்சி ஓர் அமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கியது, மன்றத்தின் வாக்கெடுப்பு எதுவும் இல்லாமலே. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் மட்டும் நான் பார்த்ததில்லை.

மன்றக் கூரைகூடப் பிறகு சிறியதானது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பட்டு 1971 பிப்ரவரியில் மீண்டும் கூடியபோது 63 ஆவது பிரிவு திருத்தப்பட்டது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்புரிமை, மன்னர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்கினால், மன்றத்துக்குள்ளே பேசினாலும் தேச நிந்தனை வழக்கு வரும். எதிர்க்கட்சிக்காரர்களை அடக்கக் கொண்டுவந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். அதில் மாட்டிக்கொண்டவர் சபா உறுப்பினர் மார்க் கோடிங். 1978 இல் அவர் மன்றத்தில் பேசியது, சீனப்பள்ளிகளையும் தமிழ்ப்பள்ளிகளையும் மூட வேண்டும் என்று! சட்டத்துக்கும் சில நேரம் நகைச்சுவை உணர்வு வந்துவிடுகிறது.

இதையெல்லாம் பார்க்க டி. ஆர். இல்லை. 1969 மார்ச்சில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்க, மாரடைப்பால் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஈப்போ நகரப் பூங்கா ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அனுதாபமும் கோபமும் சேர்ந்து, அந்த மே மாதத் தேர்தலில் முற்போக்குக் கட்சி மீண்டும் 4 நாடாளுமன்ற இடங்களை வென்றது. தலைமை அண்ணன் எஸ். பி. கைக்கு வந்தது. 1972 இல் அவர் கட்சியைக் கூட்டணியோடு இணைத்தார்; பிறகு பாரிசான் நேசனலின் உறுப்புக் கட்சியானது. கட்சியின் கையிலிருந்த ஈப்போ நகராண்மையைக் காப்பாற்ற அதுதான் வழி என்று அவர் தரப்பில் நியாயம் சொல்லப்பட்டது. 1974 தேர்தலில் அந்தச் சீன வாக்காளர்கள் எதிர்க்கட்சியான ஜசெகவுக்குப் போனார்கள். முற்போக்குக் கட்சிக்கு மிஞ்சியது ஓரிடம். எஸ். பி. மெங்லெம்புவையும் இழந்தார், மறு ஆண்டு காலமானார்.

எதிர்வரிசையில் இன்னொரு தமிழர் இருந்தார், சீனிவாசகம் சகோதரர்களிலிருந்து முற்றிலும் வேறான வார்ப்பு. வழக்குரைஞர் அல்லர், தொழிற்சங்கக்காரர். 1959 இல் பங்சார் தொகுதியிலிருந்து சோசலிச முன்னணி உறுப்பினராக உள்ளே வந்தவர். அதற்கு முந்தைய ஆண்டே காவலில் இருந்தவர். 1987 லாலாங் நடவடிக்கையிலும் பிடிபட்டவர். வி. டேவிட்டை அடுத்த வாரம் பார்ப்போம்.