கோபுரம் விழுந்தபோது: பேரிடரும் பழியும் குறித்து ஒரு கிறிஸ்தவப் பார்வை
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு அழைத்த தோழர்கள், "கிறிஸ்தவராக நின்று பேசுங்கள், ஆனால் பிரசங்கம் செய்துவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நியாயமான நிபந்தனைதான். ஆகவே வேதத்தை மூடி வைத்துவிட்டு வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். வேதம் தானாக வந்து சேரும்.

1934 ஜனவரி 15 பிற்பகல். வட பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூகம்பம் உலுக்கியது. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா நகரங்கள் இடிந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் தமிழகத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று சொன்னார். தாமிரபரணிக் கரையில் சொல்லப்பட்ட சொல் அது.

தாகூர் அதிர்ந்துபோனார். தீண்டாமையை அவரும் எதிர்த்தவர்தான். ஆனால் இயற்கையின் நிகழ்வை ஒழுக்கத்தின் தீர்ப்பாக வாசிப்பதை அவர் ஏற்கவில்லை. இந்த வகை வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும், அவர்கள் காந்தியையும் அவர் தொண்டர்களையும் இந்தத் தெய்வ கோபத்துக்குப் பொறுப்பாக்கினாலும் வியப்பதற்கில்லை என்று எழுதினார். காந்தி அந்த மறுப்பை 1934 பிப்ரவரி 16 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டார், தம் பதிலையும் சேர்த்து. தம் நம்பிக்கையிலிருந்து அவர் நகரவில்லை.

தோழர்களே, ஒளிக்காமல் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது காந்தியின் அந்த வாதம் எனக்கு இனித்தது. நம்மை ஒதுக்கியவர்களைப் பூமியே கேள்வி கேட்டதாக நினைத்தால் யாருக்குத்தான் இனிக்காது? பிறகுதான் ஒரு கேள்வி உறைத்தது. முங்கேரில் இடிபாடுகளுக்குள் செத்தவர்களில் நம் மக்களும் இருந்திருப்பார்களே? தீண்டாமை என்ற குற்றத்துக்காகத் தீண்டப்படாதவனையும் சேர்த்துக் கொல்வது என்ன நீதி? ஊர் செய்த பாவத்துக்குச் சேரி செத்தது என்றால், அந்தத் தண்டனையும் ஊரின் வழக்கத்தையே பின்பற்றுகிறது.

பேரிடர் வந்ததும் "யார் பாவம்?" என்று கேட்பது புதிதல்ல. கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்திலும் நின்றிருக்கிறார்கள்.

முதலில் பழி சுமந்தவர்கள் அவர்களே. கி.பி. 197ஆம் ஆண்டு வாக்கில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன் இதைக் கசப்பான நகைச்சுவையோடு பதிவு செய்கிறார். டைபர் ஆறு கரைபுரண்டாலும் குற்றம், நைல் ஆறு பெருகாவிட்டாலும் குற்றம், பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தாலும் குற்றம். எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வாகக் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு என்று கூச்சலிட்டார்கள். 3ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் பரவியபோது, அதே நகரத்தின் ஆயர் சிப்ரியான் இதே பழியை மறுத்துத் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. பழைய தெய்வங்களைக் கும்பிடாத சிறு கூட்டம். அதிகாரம் இல்லாத கூட்டம். பழி அங்கே எளிதாக இறங்கியது.

ஆயிரம் ஆண்டு கழித்து அதிகாரம் கைமாறியிருந்தது. 1348இல் கறுப்புச் சாவு ஐரோப்பாவைத் தின்றபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி பரவியது. சித்திரவதை செய்து ஒப்புதல் வாக்குமூலங்கள் வாங்கினார்கள். போப் ஆறாம் கிளமெந்து அதை எதிர்த்து ஆணை பிறப்பித்தார். யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறதே என்று காரணம் காட்டினார். எளிய தர்க்கம். யாரும் காதில் வாங்கவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர்களை நூற்றுக்கணக்கில் எரித்தார்கள். நோய் அப்போது அந்த நகரத்துக்கு வந்து சேரவே இல்லை. அவர்களிடம் வாங்கியிருந்த கடன்கள் ரத்தாயின, அவர்களுடைய பணம் பங்கு போடப்பட்டது. பழிக்குப் பின்னால் கணக்குப் புத்தகம் இருந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கிணறும் நஞ்சும் என்று கேட்கும்போது நமக்கு வேங்கைவயல் நினைவுக்கு வராமல் போகாது. 2022இல் அங்கே பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மீதே சந்தேகம் திரும்பியதைப் பார்த்தோம்.

அடுத்து லிஸ்பன். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். காலை ஆராதனைக்காகக் கோயில்கள் நிரம்பியிருந்தன. பூகம்பம் வந்தது, பிறகு கடல் ஏறி வந்தது, அதன்பின் நாட்கணக்கில் தீ எரிந்தது. கோயில்களுக்குள் இருந்தவர்கள் கோயில்களின் அடியிலேயே புதைந்தார்கள். மலகிரிதா என்ற இயேசு சபைக் குரு, இது லிஸ்பன் மக்களின் பாவத்துக்கு வந்த தண்டனை, இயற்கைக் காரணம் பேசுவது தவறு என்று 1756இல் பிரசுரம் வெளியிட்டார். கடலுக்கு அப்பால் இருந்த சீர்திருத்த சபையார் பலர், கத்தோலிக்க நாட்டின் மீது விழுந்த அடி என்றார்கள். அவரவர் எதிரியின் பெயரை அவரவர் எழுதிக்கொண்டார்கள்.

அமைச்சர் பொம்பால் வேறொன்று செய்தார். பங்குகள்தோறும் கேள்வித்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? கடல் முதலில் உள்வாங்கியதா, ஏறியதா? நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தத் தாளைச் சொல்வார்கள். பொம்பாலைப் புனிதராக்க வேண்டாம். அவருடைய ஆட்சியில்தான் 1761இல் மலகிரிதா விசாரணை மன்றத்தின் தீர்ப்பால் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். ஆனால் "யார் பாவம்?" என்பதை விட்டு "என்ன நடந்தது?" என்று அரசு கேட்டது பெரிய மாற்றம். அதே 1756இல் ரூசோ வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் ஒரு படி போனார். ஆறேழு அடுக்கு வீடுகளை இருபதாயிரக் கணக்கில் அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையல்லவே என்றார்.

இப்போது வேதத்தைத் திறக்கலாம்.

வேதம் ஒரே குரலில் பேசவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நோவா காலத்து வெள்ளம் தண்டனையாகத்தான் சொல்லப்படுகிறது. பஞ்சத்தையும் வறட்சியையும் கடவுளின் எச்சரிக்கையாகப் பேசுகிறார் ஆமோஸ். ஆனால் அவர் விரல் ஏழையை விற்ற வணிகரையும் சொகுசில் கிடந்த செல்வரையும் நோக்கி நீண்டது. அந்த விரலை அரசன் திருப்பிய கதையும் உண்டு. வறட்சிக் காலத்தில் ஆகாப் அரசன் எலியாவைக் கண்டதும், நாட்டைக் கலக்குகிறவன் நீதானே என்கிறான். குடியைக் கெடுத்த அரசனே கேள்வி கேட்டவன் மீது பழி போடுகிறான்.

லேவியராகமம் 16இல் போக்காடு வருகிறது. மொத்தச் சனத்தின் பாவத்தையும் ஒரு வெள்ளாட்டின் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் சடங்கு. அந்த ஆடு எந்தப் பாவமும் செய்யவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் யூதர்களை அந்த இடத்தில் வைத்தார்கள். இங்கே யாரை வைத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லூக்கா 13இல் இந்த வழக்கு நேராக இயேசுவிடமே வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். அங்கேயும் பதில் இல்லை என்பதுதான். பிறப்பிலேயே பாவம் தேடும் கேள்வி நமக்குப் பழக்கமானது. கர்மம் என்று பெயரிட்டு நம்மிடம் கேட்ட கேள்விதான் அது.

சீலோவாம் வசனம் அங்கே முடியவில்லை. மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்ற எச்சரிக்கையும் தொடர்கிறது. சிலர் இதைக் காட்டி, பார்த்தீர்களா, தண்டனைதான் என்பார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். செத்தவனைப் பற்றிய விசாரணை முடிந்தது, இனி உயிரோடு இருப்பவன் தன்னைப் பற்றிக் கணக்குக் கொடுக்கட்டும் என்கிறது அந்த வசனம்.

2004 டிசம்பர் 26க்கு வருகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் மறுநாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளும் அதில் உண்டு. அப்போதும் தண்டனை என்று பேசிய மேடைகள் இருந்தன, கிறிஸ்தவ மேடைகளும் இருந்தன. அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, வெளி மாவட்டங்களிலிருந்து கூட்டி வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் பிணங்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன. உப்பேறிய வயலில் கூலி இழந்தவர்கள் நிவாரணப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். அலை சாதி பார்க்கவில்லை, அலைக்குப் பின் வந்தவர்கள் பார்த்தார்கள்.

நான் வந்து சேரும் இடம் இதுதான். பூகம்பத்துக்கும் அலைக்கும் பாவி கிடையாது. ஆனால் தாழ்ந்த நிலத்தில் சேரியை வைத்ததற்கு, மண்சுவருக்கு மேல் கட்ட விடாததற்கு, முகாமில் தனி வரிசை போட்டதற்கு ஆள் உண்டு, பெயரும் உண்டு. அங்கே கேட்க வேண்டிய மனந்திரும்புதலை வானத்தைப் பார்த்துக் கேட்பதால் குற்றவாளி தப்பித்துக்கொள்கிறான். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் வைத்திருக்கும் என் சபைக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மாணவ நண்பர்களே, அடுத்த வெள்ளம் வரும். அப்போது யாராவது உங்களிடம் "யார் பாவம்?" என்று கேட்டால், பொம்பாலின் கேள்வித்தாளைப் போல ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறியது? அந்தத் தெரு அங்கே ஏன் இருக்கிறது? நிவாரணம் எந்தத் தெருவுக்குக் கடைசியாக வந்தது? எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.