'ஃபையராபென்ட்'... வேலை முடிஞ்சாச்சு என்று சொல்ல ஒரு ஜெர்மன் வார்த்தை!

ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் வேலை துரத்துகிறதா? அப்போ, இந்த ஜெர்மன் வார்த்தை உங்களுக்குத்தான்!

'ஃபையர்' என்றால் கொண்டாட்டம், 'ஆபென்ட்' என்றால் மாலை. உடனே, பார்ட்டின்னு நினைச்சுடாதீங்க. அன்றைய வேலை முடியும் நேரம், அதன் பிறகு கிடைக்கும் சொந்தப் பொழுது... இரண்டையும் குறிக்கும் சொல் இது.

எப்படி வந்தது?

ஆரம்பத்தில் பண்டிகைக்கு முந்தைய நாள் மாலைக்குத்தான் இந்தப் பெயர். 16-ம் நூற்றாண்டு வாக்கில், தினமும் வேலை முடிகிற நேரத்தையும் இப்படியே சொல்லத் தொடங்கினார்கள்.

எப்படிச் சொல்வது?

வேலை முடிந்து கிளம்புபவரிடம், 'ஷோனன் ஃபையராபென்ட்' என்று வாழ்த்துவார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை 6 மணிக்குக் கிளம்பினாலும் அது ஃபையராபென்ட்தான்! வேலை முடிந்து குடிக்கும் பீர், 'ஃபையராபென்ட்பியர்'. சண்டை போடும் பிள்ளைகளிடம், 'யெட்ஸ்ட் இஸ்ட் ஃபையராபென்ட்' என்று அதட்டினால், 'போதும், நிறுத்துங்க' என்று அர்த்தம்.

வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் 1994-ம் ஆண்டு வேலை நேரச் சட்டப்படி, ஒருநாள் வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் முன் பொதுவாக 11 மணி நேரம் தொடர் ஓய்வு கொடுத்தாக வேண்டும்.

நாளை ஆபீஸிலிருந்து கிளம்பும்போது, பக்கத்து சீட்காரருக்கு ஒரு ஃபையராபென்ட் சொல்லிப் பாருங்கள். முக்கியமாக, இரவு 10 மணிக்கு அவருக்கு வேலை மெசேஜ் அனுப்பாதீங்க!