கூடையில் ஒட்டிய எழுத்து

1960-களில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மேரி கிளே என்ற ஆய்வாளர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த 100 ஐந்து வயதுக் குழந்தைகளை ஒரு வருடம் வாராவாரம் கவனித்தார். குழந்தை சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு டிக். தப்பாக வாசித்தால், அது என்ன சொன்னதோ அதையே எழுதிக்கொள்வார். பென்சிலும் தாளும் போதும். தப்பைத் திருத்தாமல் பதிவாக வைத்துக்கொண்டார் பாருங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம். எங்க வேலையில அதுக்குப் பேர் லாக்.

1996-இல் அமெரிக்காவில் ஐரீன் ஃபவுன்டாஸும் கே சூ பின்னெலும் வழிகாட்டு வாசிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். நாலைந்து பிள்ளைகள் ஆசிரியரைச் சுற்றி உட்காருவார்கள். எல்லார் கையிலும் ஒரே புத்தகம், ஆளாளுக்குத் தனியாக வாசிப்பார்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் புத்தகம் கடினம் என்பது பொதுக் கணக்கு. ஆசிரியர் தேர்ந்தெடுக்க வசதியாகப் புத்தகங்களுக்கு ஏ முதல் இசட் வரை படிநிலைகள்.

அந்த எழுத்து மெல்ல புத்தகத்திலிருந்து பிள்ளைமேல் ஏறியது. வகுப்பு நூலகத்தில் எழுத்துவாரியாகக் கூடைகள் வந்தன. 'ஜே' பிள்ளைக்கு டைனோசர்மேல் எவ்வளவு பைத்தியம் இருந்தாலும், 'எம்' கூடையில் கைவைக்க முடியாது. படிநிலை ஆசிரியருக்கான கருவி, குழந்தைக்கான முத்திரை அல்ல என்று ஃபவுன்டாஸும் பின்னெலுமே பிறகு சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் பல பள்ளிகளில் அது ரிப்போர்ட் கார்டுக்கே போய்விட்டிருந்தது.