பேச்சைக் கேட்கக் கற்ற பொறிகள்

1952 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 'ஓட்ரி' என்றொரு பொறி உருவாக்கப்பட்டது. ஆளுயரச் சட்டகத்தை நிறைத்து நின்ற அப்பொறி, பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களைக் குரலால் இனங்கண்டது. ஒவ்வோர் இலக்கத்தின் பின்னும் பேசுபவர் சற்று நிறுத்த வேண்டும். அவரது குரலுக்கேற்பப் பொறியையும் சீர்செய்ய வேண்டும். (தொலைபேசியை விரலால் சுழற்றுவது எத்தனையோ மடங்கு இலகு!) 1962 இல் ஐ.பி.எம். நிறுவனம் சியாற்றில் கண்காட்சியில் வைத்த பொறிக்கு 16 சொற்கள் தெரிந்திருந்தன.

1969 இல் பெரும் இடி விழுந்தது. பெல் ஆய்வுகூடத்தின் செல்வாக்குமிக்க விஞ்ஞானி ஜோன் பியர்ஸ், இம்முயற்சி கடல்நீரில் பொன் எடுப்பதற்கு ஒப்பானது எனும் கருத்துப்படக் கடிதமொன்றைப் பிரசுரித்தார். அங்கு அந்த ஆய்வு சில ஆண்டுகள் முடங்கிப்போனது. ஆயினும் அவரது வாதம் வெறும் வசையன்று. மொழியறிவு இன்றி ஒலியை மட்டும் கொண்டு பேச்சை அறிய இயலாது என்றார் அவர். அது சரியே.

அந்த மொழியறிவைப் பொறிக்குள் புகுத்தியவர்களுள் ராஜ் ரெட்டி முக்கியமானவர். ஆந்திரக் கிராமமொன்றில் பிறந்து, சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958 இல் பட்டம் பெற்றவர் அவர். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரது குழுவினர் 1976 இல் நிறைவுசெய்த 'ஹார்பி' 1,011 சொற்களை அறிந்திருந்தது. எந்தச் சொல்லின் பின் எச்சொல் வரலாம் என்பதை வலைப்பின்னலாக அமைத்து, பொருத்தமான வழிகளை மட்டுமே அது தேடியது.

அங்கு ஆய்வு செய்த ஜேம்ஸ், ஜெனற் பேக்கர் தம்பதியர் 1982 இல் 'டிராகன்' நிறுவனத்தைத் தொடங்கினர். 1997 இல் அவர்கள் வெளியிட்ட மென்பொருளிடம், சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் பேசியே கடிதம் எழுத முடிந்தது.