உயிர், முகம், செவி



வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களே நம் நினைவுக்கு வருகின்றன. வகுப்பறையில் நானும் அவற்றையே மிகுதியாகக் கற்பித்தேன். இன்று, ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளமேயுள்ள ஓர் எலும்புக் குழாயில் நடந்த நெடும்போரைக் கூற விழைகிறேன்.

அக்குழாய் உட்செவிக்கும் மூளைக்கும் இடையே உள்ளது. கேட்கும் நரம்பு, உடலின் சமநிலையைக் காக்கும் நரம்புகள், முகத்தை அசைக்கும் நரம்பு ஆகியவை அதனுள் நெருங்கிச் செல்கின்றன. சமநிலை நரம்பின் உறையில் சிலருக்கு ஒரு கட்டி தோன்றுகிறது. அது புற்று அன்று; மெல்ல வளர்வது. ஆயினும் செவியை மந்தமாக்கி, மிகப் பெருத்துவிட்டால் மூளைத்தண்டையும் நெருக்கி, உயிருக்கே ஊறு செய்யவல்லது.

1895-இல் எடின்பரோ நகரில் தாமஸ் அன்னன்டேல் இக்கட்டியை அகற்றினார். நோயாளியான இளம்பெண் பிழைத்தார். ஆனால் அந்நாளில் இவ்வறுவைக்கு உட்பட்டோருள் பெரும்பாலோர் மாண்டனர். கட்டியை விரலால் தோண்டியெடுப்பதே அன்றைய வழக்கம்; குருதிப் பெருக்கை அடக்குவது அரிதாயிற்று.

அமெரிக்கரான ஹார்வி குஷிங், 1917-இல் வெளியிட்ட நூலில் வேறு நெறி காட்டினார். கட்டியின் உள்ளீட்டை மட்டும் நீக்கி, உறையை விட்டுவைத்தார். இறப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் எஞ்சிய பகுதி மீண்டும் வளரலாயிற்று. அவரிடம் பயின்ற வால்ட்டர் டாண்டி, 1920-களில் கட்டியை முழுமையாகவே நீக்கினார். அதற்கு விலையானது பெரும்பாலும் முகநரம்பு. நோயாளி பிழைத்தார், முகத்தின் ஒரு பாதி சிரிப்பை மறந்தது.

1961-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரச் செவி மருத்துவர் வில்லியம் ஹவுஸ், நுண்ணோக்கியை இவ்வறுவைக்குக் கொணர்ந்தார். உட்செவியைக் குடைந்து சென்றால் முகநரம்பைத் தெளிவாகக் கண்டு காக்கலாம். ஆனால் கேட்கும் திறன் அழியும். செவிக்கு மேலே கபாலத்தைத் திறந்து சென்றால், கட்டி சிறிதாயின், கேட்கும் திறனையும் காக்க வாய்ப்புண்டு. இவ்விரு வழிகளையும் அவர் வளர்த்தார். பின்னர், நரம்பின் மின்குறிகளை அறுவையின்போதே காட்டும் கருவிகளும் வந்தன.

இன்றும் செவியைக் காப்பது எளிதன்று. நரம்பு அறாது நின்றாலும், உட்செவிக்குச் செல்லும் மெல்லிய குருதிக்குழாய் ஊறுபட்டால் ஒலி அடங்கிவிடும்.

முதலில் உயிர் மீண்டதே வெற்றி எனப்பட்டது, பிறகு முகம், அதன்பின் செவி. முன்னவர் நின்ற இடத்திலிருந்தே பின்னவர் நடந்தனர். ஆதலின் முன்னவரைத் தோற்றவர் என்று நாம் கூறலாகாது.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு காது மட்டும் மந்தமானால் வாளா இராதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி சிறிதாயிருக்கும்போதே செவியைக் காக்கும் வாய்ப்பு மிகுதி.